பைபாஸுக்குப் பிறகு கண் கலங்கினால்: கண்ணாடிக்கு அவசரமில்லை, வேறொன்றுக்கு அவசரம்

கேள்வி: என் கணவருக்கு 64 வயது. அச்சகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுப்பவர். 30 வருடமாக எழுத்துதான் பிழைப்பு. ஐந்து வாரத்துக்கு முன் பைபாஸ் ஆபரேஷன் ஆனது. நடை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் பரவாயில்லை, கண்தான் கவலை. ஐ.சி.யூ.வில் இருந்த இரண்டு மூன்று நாளும் கண்ணை மூடினாலே பூ வேலைப்பாடு போட்ட துணி நகர்வதுபோலவும், யார் யாரோ முகங்கள் வருவதுபோலவும் தெரிந்ததாம். அது நின்றுவிட்டது. இப்போது பத்து நிமிடம் படித்தாலே எழுத்து கலங்குகிறது. கண்ணாடிக் கடையில் பார்த்துப் புதுப் பவர் எழுதித் தந்துவிட்டார்கள். செய்யக் கொடுக்கலாமா? சர்க்கரை உண்டு. கண் அழுத்தத்துக்கு ஆறு வருடமாக டிமோலால் சொட்டு விட்டுவந்தார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது விட்டுப்போனது, மறுபடி தொடங்கலாமா? தள்ளிப்போட்ட கண்புரை ஆபரேஷனை எப்போது செய்துகொள்ளலாம்? நெஞ்சைத் திறந்தால் கண் நரம்பு வீணாகிவிடும் என்று உறவுக்காரர்கள் வேறு பயமுறுத்துகிறார்கள். (ஆபரேஷனுக்குப் பின் ஆளுக்குக் கவனமும் குறைந்துவிட்டது. கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்கிறார். படிக்கும்போது வரி மாறிப் போகிறார். கேட்டால் 'வயசாச்சு' என்கிறார்.)

பதில்: அம்மா, நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கேள்வியாகக் கேட்காமல் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுப் போன அந்தக் கடைசி வரிகளில்தான் என் கண் நின்றது. முதலில் அதைப் பேசிவிடுவோம். மற்றவை ஒரு வாரம் காத்திருந்தாலும் ஒன்றும் ஆகாது.

30 வருடம் மெய்ப்புப் பார்த்தவர் வரி மாறிப் போகிறார் என்றால் அதைக் கவனக்குறைவு என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு வரியைப் படித்து முடித்ததும் கண் அடுத்த வரியின் தொடக்கத்துக்கு, அதாவது இடது ஓரத்துக்குத் தாவ வேண்டும். இடது பக்கப் பார்வை குறைந்தவருக்கு அந்த ஓரம் எங்கே இருக்கிறது என்பது பிடிபடாது. வரியின் நடுவில் போய் இறங்குவார். சில சமயம் ஒரு வரியைத் தாண்டி அடுத்ததில் இறங்குவார். கதவு நிலையில் இடிப்பதும் இடது தோள்தான் என்கிறீர்கள். இரண்டும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கை நீளம் தள்ளி அவருக்கு நேர் எதிரே, கண்ணும் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கும்படி நீங்கள் உட்காருங்கள். அவர் தன் வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்ளட்டும், அழுத்த வேண்டாம். நீங்கள் உங்கள் இடது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அவர் உங்கள் மூக்கை மட்டும் பார்க்க வேண்டும், பார்வை அங்கே இங்கே ஓடக் கூடாது. இப்போது இருவருக்கும் நடுவில் உங்கள் கையை நீட்டி, மேலே ஒரு மூலை, கீழே ஒரு மூலை, அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று நான்கு இடங்களில் ஒரு விரலோ இரண்டு விரலோ காட்டி எத்தனை என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரிகிற இடத்தில் அவருக்கும் தெரிய வேண்டும். பிறகு அடுத்த கண்ணுக்கும் இதையே செய்யுங்கள். உங்கள் வலது கைப் பக்கம்தான் அவருக்கு இடது பக்கம், அதில் குழம்பிவிடாதீர்கள்.

ஒரு கண்ணில் மட்டும் விரல் தெரியாமல் போனால் கோளாறு அந்தக் கண்ணிலோ அதன் நரம்பிலோ இருக்கலாம். எந்தக் கண்ணைத் திறந்தாலும் இடது பக்க விரல்தான் தெரியவில்லை என்றால் விஷயம் கண்ணில் இல்லை, மூளையின் பின்பக்கத்தில். இரண்டு கண்ணும் பார்க்கும் இடது பாதிக் காட்சி வலது மூளைக்கும், வலது பாதி இடது மூளைக்கும் போகிறது. ஆனால் அதை அனுபவிப்பவர் யாரும் 'இடது பாதி தெரியவில்லை' என்று சொல்ல மாட்டார். 'இடது கண் சரியில்லை' என்பார், அல்லது உங்கள் கணவரைப்போல 'வயசாச்சு' என்பார்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. பயிற்சிக் காலத்தில் இதய வால்வு மாற்றிக்கொண்ட ஒருவரை நான் பரிசோதித்தேன். பலகையில் கடைசி வரி வரை படித்தார். பார்வை நார்மல் என்று எழுதிவிட்டேன். அவர் எழுந்து போகும்போது பக்கத்து நாற்காலியில் இடித்துக்கொண்டார். என் பேராசிரியர் அதைப் பார்த்தார், நான் பார்க்கவில்லை. திரும்ப உட்காரவைத்துப் படிக்கச் சொன்னால், ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்தை விட்டுவிட்டுப் படிக்கிறார்! நடுப்பார்வை தப்பித்திருந்ததால் பலகை என்னை ஏமாற்றிவிட்டது. கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவரிடம் இது அகப்படாமல் போனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே அளப்பது நடுப்பார்வையை மட்டும்தான்.

சரி, விரல் சோதனையில் எது வந்தாலும், எல்லாம் சரியாகவே தெரிந்தாலும்கூட, இந்த வாரத்துக்குள் ஆபரேஷன் செய்த குழுவிடம் பேசுங்கள். 'கண் மங்கல்' என்று பொதுவாகச் சொன்னால் கண் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். 'ஆபரேஷனுக்குப் பிறகு இடது பக்கம் இடித்துக்கொள்கிறார், படிக்கும்போது வரியின் தொடக்கம் தப்புகிறது' என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். மூளை ஸ்கேன், கழுத்து ரத்தக் குழாய் ஸ்கேன், இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்ற சோதனை, இந்த மூன்றும் தேவைப்படலாம். பைபாஸ் ஆனவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு முதல் சில நாட்களில் துடிப்பு தாறுமாறாகும். அந்த நேரத்தில் இதயத்துக்குள் ரத்தம் உறைந்து ஒரு துளி கிளம்பி மூளைக்குப் போகலாம். அப்படி நடந்திருந்தால் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை வேண்டுமா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அவசரம் என்று நான் சொல்வது இதற்காகத்தான். போன பார்வையை இந்த வாரமே மீட்டுவிடலாம் என்பதால் அல்ல, இன்னொரு முறை நடக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்பதால். மார்பெலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்களே, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். அந்தக் கம்பி பொதுவாகத் தடையில்லை. ஆபரேஷன் விவரத் தாளைக் காட்டிவிடுங்கள், போதும்.

கண் டாக்டரிடம் ஃபீல்ட் டெஸ்ட், அதாவது பார்வைப் புலச் சோதனை செய்யச் சொல்லுங்கள். இதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆறு வருடமாகக் கண் அழுத்தத்துக்கு மருந்து விடுகிறவர் என்றால் பழைய ஃபீல்ட் டெஸ்ட் தாள் எங்காவது ஃபைலில் இருக்கும். தேடி எடுத்துப் போங்கள். கண் அழுத்தத்தால் வரும் பார்வை இழப்பு பெரும்பாலும் மேல் பாதி, கீழ் பாதி என்று கிடைக்கோட்டை ஒட்டி நிற்கும். மூளையால் வருவது இடம், வலம் என்று செங்குத்துக் கோட்டை ஒட்டி நிற்கும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால் அரை நிமிடத்தில் புரிந்துவிடும். அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம். சாலையைக் கடக்கும்போது அவருடைய இடது பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள்.

எல்லாம் பார்த்தபின் ஒன்றுமில்லை என்றும் வரலாம். கழுத்தும் தோளும் இறுகிப்போய்த் தலையைத் திருப்பாமல் நடப்பவர்கள் உண்டு. இடது கண்ணில் புரை கூடியிருக்கலாம். அப்படியிருந்தால் எல்லோருக்கும் நிம்மதி.

நெஞ்சைத் திறந்தால் கண் நரம்பு வீணாகும் என்ற பேச்சுக்கு வருகிறேன். சொன்னவர்கள் முழுக்கப் பொய் சொல்லவில்லை, ஆனால் கணக்கு தெரியாமல் சொல்கிறார்கள்.

பைபாஸைப் பல சமயம் இதயத்தை நிறுத்தி வைத்துத்தான் செய்வார்கள். அந்த நேரம் முழுக்க ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, உடலுக்குத் திருப்பி அனுப்புவது இதய-நுரையீரல் இயந்திரம். அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் கிப்பன் 1953-ல் முதன்முறையாக அதை வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். இன்றைய இதய அறுவை அதன் மேல்தான் நிற்கிறது. அதற்காகப் பெருந்தமனியில், அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயில், குழாய் செருக வேண்டும், குறுக்கே கிடுக்கி போட்டு மூட வேண்டும். 64 வயதில், சர்க்கரையும் உள்ளவருக்கு, அந்தத் தமனியின் உட்சுவர் பழைய தண்ணீர்க் குழாய்போலத்தான் இருக்கும். கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்திருக்கும். கிடுக்கி போடும்போதும் எடுக்கும்போதும் துணுக்குகள் உதிரலாம், காற்றுக் குமிழிகளும் சேரலாம். பெருந்தமனியிலிருந்து முதலில் பிரியும் பெரிய கிளைகளில்தான் கழுத்துக் குழாய்கள் இருக்கின்றன. அவை மூளைக்குப் போகின்றன, அவற்றின் ஒரு கிளை கண்ணுக்குப் போகிறது.

கண் இதில் ஒரு விசித்திரமான சாட்சி. உடலுக்குள் இருக்கும் ரத்தக் குழாயை வெட்டாமல் கொள்ளாமல் நேரில் பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. 1980-களின் கடைசியில் லண்டனில் ஒரு மருத்துவர் குழு, ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே சாயம் செலுத்தி நோயாளிகளின் விழித்திரையைப் படம் எடுத்தது. அன்று புழக்கத்தில் இருந்த, ரத்தத்துக்குள் குமிழியாக ஆக்சிஜனை விடும் கருவியைப் பயன்படுத்தியவர்கள் எல்லோருக்கும் நுண்குழாய்கள் சிலவற்றில் ரத்த ஓட்டம் நின்றிருந்தது. சவ்வு வழியாக ஆக்சிஜன் ஏற்றும் கருவிக்கு மாறியபோது அது ஏறக்குறைய பாதிப் பேராகக் குறைந்தது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பார்வையில் ஒரு குறையும் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்று சவ்வுக் கருவிதான் வழக்கம். துணுக்குகளைப் பிடிக்க வடிகட்டியும் இருக்கிறது.

பெரிய இழப்பு எவ்வளவு அரிது என்றால், அமெரிக்காவில் 1998 முதல் 2013 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்ததில், இதய அறுவை செய்துகொண்ட 10,000 பேரில் ஏறக்குறைய 8 பேருக்குத்தான் விழித்திரைத் தமனி அடைத்திருந்தது. இன்னொன்று பார்வை நரம்புக்கு ரத்தம் போதாமல் போவது. நீண்ட நேரம் இயந்திரத்தில் இருப்பது, ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் இறங்குவது, பிறவியிலேயே நரம்பு நுழையும் வாய் நெருக்கமாக இருப்பது, சர்க்கரை எல்லாம் அதற்கு வழி வைப்பவை. அதுவும் அரிதுதான். அது வந்தால் விழித்தெழும்போதோ ஓரிரு நாளிலோ வலியில்லாமல் பார்வையில் ஒரு பகுதி, பல சமயம் கீழ்ப் பாதியோ மேல் பாதியோ, இருண்டிருக்கும். உங்கள் கடிதத்தில் அந்த அடையாளம் எதுவும் இல்லை.

விழித்திரை, பார்வை நரம்பு, மூளை என்ற மூன்றில் மூளைப் பாதிப்புதான் சற்று அதிகம் காணப்படுவது. பைபாஸில் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குப் பக்கவாதம் வருகிறது. கை கால் விழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். பார்வைப் பகுதியில் மட்டும் விழுந்தால் யார் கண்ணிலும் படாது. இங்கே துணுக்கு மட்டுமே காரணமில்லை. மூளையின் பின்பகுதியில் இரண்டு பெரிய ரத்தக் குழாய்களின் பாசனம் முடியும் எல்லை ஒன்று இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதானே? ஆபரேஷனில் ரத்த அழுத்தம் இறங்கினால் அந்தக் கடைமடைக்குத்தான் முதல் அடி.

இனி எழுத்து கலங்குவது. பத்து நிமிடம் படித்ததும் கலங்குகிறது, ஓய்வெடுத்தால் தெளிகிறது என்றால் அதைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு இது ரொம்பச் சாதாரணம், பெரும்பாலும் ஒன்றரை இரண்டு மாதத்துக்குள் அடங்கிவிடும். காரணம் ஒன்றல்ல. உடம்பில் நீர் ஏறி இறங்கியிருக்கிறது, ரத்தம் குறைந்திருக்கிறது, மயக்க மருந்திலும் வென்டிலேட்டரிலும் இமை சரியாக மூடாமல் கருவிழியின் மேல்பரப்பு காய்ந்திருக்கிறது. போதாததற்கு மனதை ஒரு இடத்தில் குவிக்கும் சக்தியும் இன்னும் திரும்பியிருக்காது. சர்க்கரைக்காரருக்குக் கூடுதலாக ஒன்று: ஆபரேஷன் அதிர்ச்சியில் சர்க்கரை ஏறும். அது ஏறும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் உப்பிப் பவர் ஒரு பக்கம் போகும், மருந்தால் இறங்கும்போது எதிர்ப்பக்கம் வரும். இந்த வாரம் அளந்த பவர் அடுத்த மாதம் இருக்காது. ஓடும் ரயிலில் உட்கார்ந்து சட்டைக்கு அளவெடுப்பதுபோல ஆகிவிடும். அதனால் புதுக் கண்ணாடியைச் செய்யக் கொடுக்க வேண்டாம். பழையதையே போடட்டும், எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கட்டும், மருந்துச் சத்து இல்லாத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டை நாளுக்கு நாலு முறை விடட்டும்.

ஐ.சி.யூ.வில் பார்த்த பூத் துணியும் முகங்களும் அவரை உள்ளுக்குள் பயமுறுத்தியிருக்கும். சொல்லியிருக்கிறாரே, அதுவே பெரிது. பலர் பைத்தியம் என்று நினைப்பார்கள் என வெளியே சொல்வதே இல்லை. கண்ணை மூடினால் தெரிவதும் திறந்தால் மறைவதும் இதய அறுவைக்குப் பிறகு மருத்துவ இதழ்களில் பதிவான ஒன்று. ஓரிரு நாளில் தானே போய்விடும். இனி வராது என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

டிமோலால் விஷயத்தில் நீங்களாக எதையும் தொடங்க வேண்டாம், அதேசமயம் மறந்தும் விட்டுவிட வேண்டாம். கண்ணில் விடும் சொட்டுதானே என்று நினைக்கிறோம். அது கண்ணீர்ப் பாதை வழியாக மூக்குக்கு இறங்கி நேரே ரத்தத்தில் கலக்கிறது. பைபாஸுக்குப் பிறகு இதயத் துடிப்பை நிதானப்படுத்த மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் ஒரே ஜாதி மருந்து. சேர்ந்தால் நாடி அளவுக்கு மீறிக் குறைந்து தலைசுற்றி விழலாம். ஆனால் ஐந்து வாரம் சொட்டு இல்லாமல் கண் அழுத்தம் ஏறியிருக்கவும் கூடும். ஃபீல்ட் டெஸ்டுக்குப் போகும் அன்றே அழுத்தத்தையும் அளந்துவிடுங்கள். லட்டனோப்ரோஸ்ட் போல இதயத்தைச் சீண்டாத மாற்றுச் சொட்டு இருக்கிறது. எந்தச் சொட்டாக இருந்தாலும் விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாத்திரைச் சீட்டில் இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் அமியோடரோன் இருந்தால் அதையும் கண் டாக்டரிடம் சொல்லுங்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டால் கருவிழியில் சுழல் சுழலாகப் படியும், இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். படிவு பார்வையைக் கெடுக்காது, மருந்தை நிறுத்தினால் மறையும். பார்வை நரம்பைத் தொடுவது மிக அரிது. நாடியைக் குறைக்கும் இவாபிரடின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சட்டென்று வெளிச்சம் மாறும்போது மின்னல்போலத் தெரியும், அதுவும் ஆபத்தில்லை. ஆஸ்பிரின் சாப்பிடுவதால் வெள்ளை விழியில் ரத்தச் சிவப்பாக ஒரு திட்டு வந்தால் பார்க்கத்தான் பயங்கரம். வலியும் மங்கலும் இல்லையென்றால் இரண்டு வாரத்தில் கரைந்துவிடும்.

கண்புரைக்கு அவசரமில்லை. மார்பெலும்பு சேர்ந்து ஒட்ட வேண்டும், அரை மணி நேரம் மல்லாந்து படுத்திருக்க மூச்சு இடம் கொடுக்க வேண்டும், இதய டாக்டர் சரி என்று சொல்ல வேண்டும். பொதுவாக மூன்று மாதம் கழித்துப் பேசலாம். பக்கவாதம் என்று உறுதியானால் இன்னும் தள்ளிப் போகும். சொட்டு மருந்திலேயே மரத்துப்போகச் செய்து முடிக்கிற ஆபரேஷன்தான் இது, ஆஸ்பிரினை நிறுத்தத் தேவையில்லை. யாராவது நிறுத்தச் சொன்னால் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. ஒரு கண்ணோ இரண்டுமோ திடீரென்று இருண்டால், வலி இல்லாவிட்டாலும், ஐந்து நிமிடத்தில் தானாகத் தெளிந்துவிட்டாலும், அது பக்கவாதத்துக்குச் சமம். ரத்தம் நின்ற விழித்திரை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது, நாலு மணி நேரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும். கண் மருத்துவமனை திறக்கட்டும் என்று விடியும்வரை உட்கார்ந்திருக்காமல், பக்கவாத சிகிச்சை உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கண் சிவந்து, கடுமையாக வலித்து, வாந்தியும் வந்தால் அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது.

இடது பக்கக் குறை உறுதியானாலும் அவர் மெய்ப்புத் தாளை மூட்டை கட்ட வேண்டியதில்லை. முதல் மூன்று மாதத்தில் ஓரளவு தானாகத் திரும்புகிறவர்கள் உண்டு. திரும்பாத பகுதிக்குக் கண்ணை இடது பக்கம் ஓட்டிப் பார்க்கும் பயிற்சி இருக்கிறது. இப்போதைக்கு, தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். ஒவ்வொரு வரி முடிந்ததும் அந்தச் சிவப்பு கண்ணில் படும்வரை இடது பக்கம் போய்விட்டு, பிறகு படிக்கத் தொடங்கட்டும். மெய்ப்புத் திருத்துகிறவருக்குச் சிவப்பு மை புதிதா என்ன!

கண்ணாடிக் கடைக்காரர் எழுதிய தாளைக் கிழித்துப் போட வேண்டாம். எட்டாவது வாரம் வாக்கில், சர்க்கரை ஒரு நிலைக்கு வந்த பிறகு, மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒத்துப்போனால் செய்யக் கொடுத்துவிடலாம்.